9 மணி நேரம் தாமதமான ரயிலும் டெல்லிப் பையனும்

கேள்வி: வணக்கம் மேடம். திண்டுக்கல் பக்கத்தில் பிளஸ் டூ படிக்கிறேன். எனக்கு 17 வயது. அரையாண்டு லீவில், குழந்தை பிறந்திருக்கும் அக்காவைப் பார்க்கப் பெரியம்மாவோடு டெல்லி போயிருந்தேன். திரும்பி வரும்போது பனிமூட்டத்தால் ரயில் 9 மணி நேரம் லேட். வெயிட்டிங் ஹாலில் எதிரே ஒரு பையன் இருந்தான். டெல்லியிலேயே வளர்ந்த தமிழ்ப் பையன், 18 வயது என்றான். விடிய விடியப் பேசினோம். குளிரில் நடுங்கினேன் என்று அவன் சால்வையைக் கொடுத்தான். அதே ரயிலில் வேறு பெட்டியில் வந்து சென்னையில் இறங்கினான். அவன் அப்பா அம்மா பிரிந்து வாழ்வதைக்கூட என்னிடம் சொன்னான். "நீ மட்டும்தான் என்னைப் புரிஞ்சுக்கிட்ட" என்கிறான். இப்போது ஒரு மாதமாகத் தினமும் ராத்திரி 11 மணிக்கு மேல் பேசுகிறோம். போன வாரம் ஒரு மாதிரியான போட்டோ கேட்டான். முடியாது என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு ஸாரி சொன்னான். மாசி மாதம் இந்தப் பக்கம் வருகிறானாம், கொடைக்கானல் போகலாம் என்கிறான். திருப்புதல் தேர்வில் கெமிஸ்ட்ரி மார்க் 78லிருந்து 51 ஆகிவிட்டது. இது காதலா மேடம்? அம்மாவிடம் சொல்லட்டுமா? (சென்னையில் பிடிக்கவேண்டிய ரயிலும் போய்விட்டது. பெரியம்மா இன்னும் அந்த டிக்கெட் காசைச் சொல்லியே புலம்புகிறார்.)

பதில்:

அன்பு மகளே,

பயந்து பயந்து எழுதியிருக்கிறாய். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 17 வயதில் ஒரு பையன்மேல் மனசு போவதும், ஊர் பேர் தெரியாத இடத்தில் நம் மொழி பேசுகிற ஒருவனைப் பார்த்ததும் நிம்மதியாக இருப்பதும் தப்பு இல்லை. சால்வை கொடுத்தது நல்ல குணம்தான். அந்த ராத்திரி நீ சந்தோஷமாக இருந்தது பொய்யும் இல்லை.

ஆனால் அந்தச் சந்தோஷத்தில் அவன் பங்கு எவ்வளவு, தாமதத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் உன் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

டிசம்பர், ஜனவரியில் வட இந்தியச் சமவெளியில் காற்று அசையாமல் நிற்கும். ராத்திரி தரை குளிர்ந்ததும் பனிமூட்டம் இறங்கிவிடும். 50 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாவிட்டால் வானிலைத் துறை அதை மிக அடர்ந்த மூடுபனி என்கிறது. என்ஜின் டிரைவருக்கு அடுத்த சிக்னல் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சொல்லும் கருவி இருந்தாலும், அந்த நேரத்தில் 75 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது. வரவேண்டிய ரயில் வந்து சேர்ந்தால்தான் அதே பெட்டிகளைச் சுத்தம் செய்து அடுத்த பயணத்துக்கு அனுப்ப முடியும். ஆகவே அறிவிப்பு முதலில் 2 மணி நேரம் லேட் என்று வரும், பிறகு 4 என்று வரும், அப்புறம் 7 என்று வரும். எப்போது கிளம்பும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது ஒரு வகைப் படபடப்பு. அதோடு குளிர், தூக்கமின்மை, அறிமுகமில்லாத ஊர், அரைகுறையாகப் புரியும் இந்தி. மூட்டைமேல் தலைவைத்துப் பெரியம்மா தூங்கிவிட்டிருப்பார். உன் நெஞ்சு வேகமாக அடித்ததற்கு அங்கே பல காரணங்கள் இருந்தன. மனசு அத்தனையையும் எதிரில் உட்கார்ந்திருந்த முகத்தின் கணக்கில் எழுதிவிட்டது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1974இல் டட்டன், ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவில் கபிலானோ ஆற்றின்மேல் ஆடும் தொங்குபாலத்தில் ஒரு பெண்ணை நிறுத்தி, கடந்து வரும் ஆண்களிடம் சில கேள்விகள் கேட்டு, தன் போன் நம்பரையும் கொடுக்கச் சொன்னார்கள். நம்பர் வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு கூப்பிட்டார்கள். அதே வேலையைத் தாழ்வான, உறுதியான பாலத்தில் செய்தபோது 16 பேரில் 2 பேர்தான் கூப்பிட்டார்கள். தொங்குபாலத்தைக் கடந்து வந்து கொஞ்ச நேரம் ஆசுவாசப்பட்டவர்களிடமும் அந்த வேகம் குறைந்துதான் இருந்தது. சோதனை நடத்திய முறையில் பின்னால் வந்தவர்கள் குறை கண்டுபிடித்தார்கள், அது வேறு கதை. பயத்தில் அடிக்கும் நெஞ்சை ஆசையில் அடிப்பதாக எடுத்துக்கொள்ள முடியும் என்பது மட்டும் உனக்கு இப்போது போதும்.

அடுத்தது, அவன் தன் வீட்டுக் கதையைச் சொன்னது. அவ்வளவு சொந்தமான விஷயத்தை என்னிடம் சொல்கிறான் என்றால் நான் அவனுக்கு எவ்வளவு முக்கியம் என்று உனக்குத் தோன்றியிருக்கும். உண்மையில் திரும்பப் பார்க்கவே மாட்டோம் என்று நினைக்கும் ஆளிடம்தான் மனிதர்கள் எளிதாக மனம் திறப்பார்கள். அந்த ஆளுக்கு நம் வீட்டைத் தெரியாது, போய்ச் சொல்ல நம் சொந்தக்காரரையும் தெரியாது. ஒருவர் ஒரு ரகசியம் சொன்னால் மற்றவரும் அதே அளவு ஆழத்தில் ஒன்றைச் சொல்லிவிடுவார். நீயும் சொல்லியிருப்பாய். 1997இல் அதே ஆரன் வேறு சிலரோடு சேர்ந்து, முன்பின் தெரியாத இருவரை உட்காரவைத்து, போகப்போக ஆழமாகும் 36 கேள்விகளை 45 நிமிடத்தில் ஒருவரையொருவர் கேட்கவைத்தார். இருவருக்கும் நெருக்கம் வந்தது. ஆனால் விசுவாசமோ பொறுப்போ கட்டுப்பாடோ இதில் உண்டாவதாகச் சொல்ல முடியாது என்று அவர்களே எழுதிவைத்தார்கள். 45 நிமிடத்துக்கே அப்படி. உங்களுக்கு வெயிட்டிங் ஹாலிலேயே 9 மணி நேரம் கிடைத்தது.

ஆகவே உன் முதல் கேள்விக்கு என் பதில்: இது ஈர்ப்பு, நிஜமான ஈர்ப்பு. காதலாக வளருமா என்று சொல்ல அந்த ராத்திரியை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் பயன் இல்லை. ரயில் சரியான நேரத்துக்கு ஓடும் சாதாரண நாட்களில், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உனக்கு யூனிட் டெஸ்ட் இருக்கும்போது, நீ "இன்னைக்கு முடியாது" என்று சொன்னால் அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் தெரியும்.

அதில் ஒன்று ஏற்கெனவே நடந்துவிட்டது. நீ போட்டோ தர மறுத்தாய், அவன் இரண்டு நாள் பேசவில்லை. இதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். கேட்டுவிட்டோமே என்ற வெட்கத்தில் ஒதுங்கியிருக்கலாம், அல்லது மறுத்ததற்குத் தண்டனையாகப் பேசாமல் இருந்திருக்கலாம். வெட்கம் என்றால் திரும்ப வந்தவன், கேட்டது தப்பு என்று தெளிவாகச் சொல்லியிருப்பான், இனிமேல் கேட்கவும் மாட்டான். தண்டனை என்றால் "உனக்கு என்மேல நம்பிக்கை இல்லையா" என்று சுற்றி வளைத்து மறுபடியும் அங்கேயே வந்து நிற்பான். அவன் சொன்ன ஸாரி எதற்கு, கேட்டதற்கா, பேசாமல் இருந்ததற்கா? அந்த மெசேஜை மறுபடி எடுத்துப் படித்துப் பார்.

போட்டோ விஷயத்தில் மட்டும் நான் பேரம் பேச மாட்டேன். முகம் தெரியாவிட்டாலும், ஒருமுறை மட்டும் திறக்கும்படி அனுப்பினாலும், பார்த்ததும் அழித்துவிடுவேன் என்று சத்தியமே செய்தாலும் வேண்டாம். ஒருமுறை திறக்கும் படத்தை இன்னொரு போனால் படம் பிடிக்க எத்தனை நொடி ஆகும்? அவன் நல்லவனாகவே இருக்கட்டும், அவன் போன் தொலையலாம், நண்பன் கையில் கிடைக்கலாம். சட்டமும் இதில் கடுமையானது. 18 வயது நிரம்பாதவரின் ஆபாசப் படத்தை எடுப்பதும் வைத்திருப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி கேட்டால் நீளமாக விளக்காதே. விளக்கம் கொடுத்தால் அதில் ஓட்டை தேடுவார்கள். "நான் அனுப்ப மாட்டேன். திரும்பக் கேட்டா பேசறத நிறுத்திடுவேன்." இந்த இரண்டு வாக்கியம் போதும். சொன்னபடி செய்.

நீ அனுப்பவில்லை என்று எழுதியிருக்கிறாய், அதை நம்புகிறேன். ஆனாலும் இதைப் படிக்கும் வேறு பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அனுப்பிவிட்டு அதைக் காட்டி யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த வாரம் இன்னும் கேட்பார்கள். பயந்துபோய் சாட் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. நம்பரும் நேரமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டு, அதன் பிறகு பிளாக் செய்யுங்கள். 1098 குழந்தைகளுக்கான இலவச எண், எந்த நேரமும் கூப்பிடலாம். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐக் கூப்பிடுங்கள். படம் இணையத்தில் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவை இருக்கிறது. 18 வயதுக்கு முன் எடுத்த படத்துக்கு அது பொருந்தும். படத்தை யாருக்கும் அனுப்பவேண்டியதில்லை. அந்தப் படத்துக்கு ஒரு அடையாளக் குறியீட்டை உங்கள் போனிலேயே உண்டாக்கி, அந்தக் குறியீட்டை மட்டும் சேர்ந்திருக்கும் தளங்களுக்குக் கொடுத்துத் தடுக்கச் சொல்லும்.

இனி கொடைக்கானல். போகாதே. அவன்மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, தூரத்தைப் பார். திண்டுக்கல்லிலிருந்து மலைமேல் கிட்டத்தட்ட 95 கிலோமீட்டர். பஸ்ஸில் போக மூன்று, மூன்றரை மணி நேரம், வர அதே அளவு. வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுக் காலை 9 மணிக்குக் கிளம்பினாலும் மேலே ஒன்றிரண்டு மணி நேரம் இருந்தாலே இருட்டிவிடும். மலைப்பாதையில் மூடுபனி இறங்கினாலோ ஒரு மரம் விழுந்தாலோ, மறுபடியும் வழியில் மாட்டிக்கொண்ட ஒரு ராத்திரி. அன்று பக்கத்தில் பெரியம்மா இருந்தார், சுற்றிலும் நூறு பயணிகள், ரயில்வே போலீஸ், வெளிச்சம். இங்கே அவை எதுவும் இருக்காது. நீ எங்கே இருக்கிறாய் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாத நீ குழந்தை. உங்களுக்குள் உடல் நெருக்கம் ஏற்பட்டால், "நான் விரும்பித்தான்" என்று நீயே சொன்னாலும் சட்டம் அந்தச் சம்மதத்தை ஏற்காது. 18 வயதான அவன் குற்றவாளி ஆவான். அப்படி ஒன்று நடந்தது தெரியவந்தால் டீச்சரோ டாக்டரோ என்னைப் போன்றவர்களோ போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆகவேண்டும் என்பதும் அதே சட்டம்தான். உன் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. காத்திருக்கச் சொன்னால் கோபப்படுகிறவனுக்கு இந்த விஷயம் தெரியாமல் இருக்கலாம். எடுத்துச் சொல். அவன் எதிர்காலமும் இதில் இருக்கிறது.

பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பொதுத்தேர்வு முடியட்டும். உன் ஊரிலேயே, பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், அம்மாவுக்கோ நீ நம்பும் ஒரு பெரியவருக்கோ தெரிந்து, ஒரு மணி நேரம். அவர் பக்கத்து மேஜையில் இருந்தாலும் நல்லதுதான். நீயே போ, நீயே திரும்பி வா, அவன் வண்டியில் ஏறாதே. போனில் சார்ஜ் இருக்கட்டும், பஸ்ஸுக்குக் காசும் தனியாக இருக்கட்டும். "வீட்ல தெரிஞ்சா நான் வரல" என்று அவன் சொன்னால் அந்தச் சந்திப்பு உனக்குத் தேவையில்லை.

இப்போது ராத்திரிப் பேச்சு. கெமிஸ்ட்ரியில் 27 மார்க் போனதற்குக் காதல் காரணம் இல்லை, தூக்கமின்மை காரணம். உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்கவேண்டும். 11 மணிக்கு ஆரம்பித்த பேச்சு ஒன்றரைக்கு முடிந்து, டியூஷனுக்கு 5 மணிக்கு எழுந்தால் மிச்சம் மூன்றரை மணி நேரம். அன்று படித்ததை மூளை பதிந்துவைப்பது தூக்கத்தில்தான். வினைவழிமுறையும் சமன்பாடும் இருக்கும் பாடம் முதலில் அடிவாங்கும், தமிழில் அவ்வளவாகத் தெரியாது. இன்னொன்றும் நடக்கிறது. நடு ராத்திரி, இருட்டு, எல்லோரும் தூங்கும் வீடு, காதோடு ஒரு குரல். அந்த வெயிட்டிங் ஹாலை நீங்கள் இருவரும் தினமும் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பகலில் அவன் எப்படிப் பேசுவான் என்றே உனக்குத் தெரியாது.

அதனால் நேரத்தை மாற்று. "இனிமே ராத்திரி பேச முடியாது. சாயங்காலம் 7 மணிக்கு 20 நிமிஷம் பேசலாம், வாரத்துக்கு மூணு நாள். பரீட்சை முடியற வரைக்கும் இப்படித்தான்." கோபமாக இல்லாமல், சாதாரணமாகச் சொல். போனை 10 மணிக்கு ஹாலில் சார்ஜில் போட்டுவிடு. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு எடுக்காமல் இருக்கப் பெரியவர்களாலேயே முடியாது. முதல் மூன்று நான்கு ராத்திரி கை பரபரக்கும், தூக்கம் வராது. அது இந்த முடிவு தவறு என்பதற்கு அறிகுறி இல்லை. ஒரு மாதப் பழக்கம் உடம்பில் இருக்கிறது, பத்து நாளில் தணியும். மூன்று வாரம் அவனைக் கவனி. முதல் நாள் முகம் சுளித்துவிட்டுப் பிறகு ஒத்துக்கொண்டு, பரீட்சை எப்படிப் போகிறது என்று கேட்கிறவன் பரவாயில்லை. 11 மணிக்கு மிஸ்டு கால்மேல் மிஸ்டு கால் கொடுப்பது, ஆன்லைனில் இருந்தாயே யாரோடு பேசினாய் என்று கேட்பது, பாஸ்வேர்டு கேட்பது, இன்னொரு நம்பரிலிருந்து வருவது, இவற்றில் ஒன்று நடந்தாலும் நிறுத்திவிடு.

"நீ மட்டும்தான் என்னைப் புரிஞ்சுக்கிட்ட" என்ற பேச்சு இனிக்கும், கூடவே கனக்கும். பெற்றோர் பிரிந்த வேதனையைத் தாங்கிப் பிடிக்கும் வேலை 17 வயதுப் பெண்ணுடையது இல்லை. கேட்டுக்கொள்ளலாம், ஆறுதல் சொல்லலாம். நீ பேசாவிட்டால் ஏதாவது செய்துகொள்வேன் என்கிற மாதிரி அவன் பேசினால் அதை ரகசியமாக வைக்காதே. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அவனுக்குக் கொடு, தமிழிலும் இந்தியிலும் பேசுவார்கள். உன் வீட்டுப் பெரியவர் மூலம் அவன் வீட்டுக்குத் தெரியப்படுத்து.

கடைசியாக அம்மா. சொல். அதுவும் பெரியம்மா சொல்வதற்கு முன்னால் சொல். அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்று நீ நினைத்தாலும், எதிர் பெஞ்சுப் பையன் சால்வை கொடுத்தது அவருக்கு நினைவிருக்கும். நாளைக்கு மார்க் ஷீட்டோடு சேர்த்து அது வெளியே வந்தால் அம்மா முதலில் பெரியம்மாவோடு சண்டை போடுவார், பிறகு உன்னிடம் வருவார். மார்க் ஷீட்டில் கையெழுத்து வாங்கும் அன்று வேண்டாம். அப்பா சாப்பிட உட்காரும் நேரமும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா துணி மடிக்கும்போதோ காய் நறுக்கும்போதோ பக்கத்தில் உட்கார். கையில் வேலை இருந்தால் கண்ணைப் பார்க்காமல் பேச இருவருக்கும் வசதி. "அம்மா, ஒரு விஷயம் சொல்றேன், திட்டினாலும் முழுசாக் கேட்டுட்டுத் திட்டு. டெல்லியிலேர்ந்து வர்றப்ப ஒரு பையனோட பேசினேன். இப்பவும் போன்ல பேசறேன். தப்பா எதுவும் நடக்கல. போட்டோ கேட்டான், நான் குடுக்கல. அதுதான் பயமா இருக்கு." இந்த வரிசை முக்கியம். "காதலிக்கிறேன்" என்று ஆரம்பித்தால் அதற்குப் பிறகு எதுவும் அவர் காதில் ஏறாது.

போன் பறிபோகலாம், அழுகை வரலாம். இரண்டு நாள் விடு. பாடம் வரும் வாட்ஸ்அப் குரூப்புக்காகச் சாயங்காலம் அரை மணி நேரம் ஹாலில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று பிறகு கேள், பெரும்பாலும் கிடைக்கும். உன் வீட்டில் அடி விழும், படிப்பை நிறுத்திவிடுவார்கள், அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்ற பயம் உனக்கு நிஜமாகவே இருந்தால் மட்டும் வரிசையை மாற்று. முதலில் நீ நம்பும் டீச்சரிடம் போ, அல்லது 1098ஐக் கூப்பிடு. 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்துவைப்பதைச் சட்டம் தடுக்கிறது, அந்த எண்ணில் இருப்பவர்களால் நேரில் வந்து நிறுத்த முடியும்.

பெரியம்மாவின் டிக்கெட் காசைப் பற்றி: அடுத்த முறை டெல்லி ரயிலையும் சென்னையிலிருந்து பிடிக்கும் ரயிலையும் இணைத்துப் பதிவு செய்யச் சொல். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதை விட்டால், போகாத அந்தப் பயணத்துக்குப் பணம் திரும்பக் கேட்க முடியும். ஏறும் ஊரிலேயே 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் பயணத்தையே விட்டுவிட்டு முழுப் பணத்தையும் கேட்கலாம், ஆனால் ரயில் கிளம்புவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் வடக்கேயிருந்து வருவதென்றால் சென்னையில் அன்றே இன்னொரு ரயில் பிடிக்கிற மாதிரி போடாமல், மறுநாளுக்குப் போடச் சொல்.